பருகுகலமும் அரக்கும்

1. தோற்றுவாய்

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையை அடுத்து, வைப்பாற்றின் வடகரையில் அமைந்த விசயகரிசல்குளம் மேட்டில், தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அகழாய்வு தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளிலும் அப்பணி தொடர்ந்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் உருவம், மட்கலம் எனப் பல்வகைப் பொருள்கள் ஆங்குக் கிடைத்தன. அவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். மண்ணும் சங்கும் கண்ணாடியும் நெடுங்காலம் நிலைத்து நின்று பழையோர் வாழ்வை நமக்கு அறிவிக்கின்றன. மரமோ ஈரத்தாலும் கறையானாலும் அழிந்து மண்ணோடு மண்ணாகின்றது. ஆகலின் மரத்தாற் செய்த உண்கலன், பருகுகலன் ஆகியவற்றின் வரலாற்றை அகழ்ந்து காண்பதினும், இன்றும் வழங்கும் சொற்களைக் கொண்டும் தொழில்முறைகளைக் கொண்டும் காண்பதே பெரிதும் இயல்வதாகும்.

இந்நாளில் கையாற் கடைந்த மரக்குவளைகளை விரும்பி வாங்குவோரும், அவற்றைச் செய்யப் புகுவோரும் பலராயினர். குவளையைக் கடைந்து முடித்தவுடன் தொழிலாளர் முன் நிற்கும் வினா ஒன்றே: இதன் உட்புறத்தே எதனைப் பூசுவது? ‘அரக்குப் பூசுக’ என்பது எளிதிற் கிடைக்கும் விடை. ஆயின், அரக்கு எனப்படுவது யாது? கடையில் அரக்கு என்று கேட்பார்க்கும், நூலில் அரக்கு என்று படிப்பார்க்கும், தொழிற்கூடத்தில் அரக்கு என்று சொல்வார்க்கும் பொருள் ஒன்றுதானா? அன்று என்பதே எம் கருத்து. ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு இயல்புடைய மூன்று பொருள்கள் இன்று அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துணராது பூசுவோர், வாயில் வைக்கும் கலத்தில் தகாத பொருளை ஏற்றிவிடுதல் கூடும். ஆகவே இதனைச் சொல்லாராய்ச்சியாகவும் பொருளாராய்ச்சியாகவும் ஒருங்கு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2. மரத்தின் இயல்பு

மரக்கலம் என்னுஞ் சொல் தமிழிற் பெரும்பான்மையும் கப்பலையே குறிக்கும். உணவுப்பொருள் இடும் மரப்பாத்திரத்துக்கு மரவை என்பது பெயர். செட்டிநாட்டு இல்லங்களில் உப்பும் ஊறுகாயும் இட்டுவைத்த, அரக்குப் பூசிய மரவைகளைப் பலரும் கண்டிருப்பர். உப்பை ஏந்தும் கலத்துக்கும் நீரை ஏந்தும் கலத்துக்கும் வேறுபாடு மிகப் பெரிது. உலர்ந்த பொருள் மரத்தினுட் புகாது, நீரோ புகும்.

மரத்தின் உள்ளமைப்பைத் தமிழர் தொன்றுதொட்டே நுணுகி நோக்கினர் என்பதற்குத் தொல்காப்பிய மரபியல் சான்றாகும். வெளிப்புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உட்புறத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அந்நூல் பகுத்தது. காழ் எனப்படும் அவ்வயிரப் பகுதியே கலம் கடைதற்கு உரியது. வெளிப்பகுதியாகிய வெண்மரத்தில் நீரை மேலேற்றும் நுண்குழல்கள் திறந்து கிடக்கும். வயிரத்திலோ அவை பிசின் முதலியவற்றால் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். எனினும் வயிரமும் முற்றும் நீர்புகாதது அன்று. குறுக்கே வெட்டப்பட்ட முகத்தில் நுண்குழல்களின் வாய்கள் வரிசையாக நிற்கும். உருளைக்கட்டையை நட்டுக் கடைந்த குவளையின் அடிப்பாகம் இத்தகைய குறுக்குமுகமே ஆதலின், கசிவு அங்கேதான் முதலிற் காணப்படும்.

நீரை ஏற்ற மரம் பருக்கும். உலர்ந்த மரம் சுருங்கும். கரிசல் நிலத்தின் கடும்வெயிலில் இவ்விரண்டும் மாறிமாறி விரைந்து நிகழ்தலின் கலம் வெடிக்கும். பூச்சு இவ்வோட்டத்தை மெல்லிதாக்குமேயன்றி அறவே நிறுத்தாது. இஃது உணரத்தக்க முதல் உண்மை.

இரண்டாவதாக, மரத்தின் தீமையைப் பூச்சு மறைக்குமே யன்றி மாற்றாது. எட்டி, அரளி, தில்லை ஆகியன நச்சுத்தன்மை உடையன. அவற்றிற் கலம் கடைந்து மேலே எத்துணை நல்ல பூச்சு இடினும் அது பருகுதற்கு ஆகாது. பூச்சைத் தேர்வதற்கு முன்னரே மரத்தைத் தேர்தல் வேண்டும்.

3. அரக்கு: ஒரு சொல், மூன்று பொருள்

முதற்பொருள், பூச்சி தரும் அரக்கு. புரசு, பூவம், இலந்தை முதலிய மரங்களின் இளங்கொம்புகளில் மொய்த்துச் சாறு உண்ணும் ஒருவகைச் சிறு பூச்சி தன் உடல்மேற் கசியவிடும் பிசினே இது. கொம்போடு கொள்வது கொம்பரக்கு. உருக்கி வடித்துத் தகடாக்கி உடைப்பது அவலரக்கு. வடமொழியில் இதற்கு இலாட்சை என்பது பெயர். பாரதக் கதையில் பாண்டவரை எரித்தற்கென அமைத்தது அரக்குமாளிகை எனப்படுதலின், வெப்பத்தில் உருகுதலும் தீயிற் பற்றுதலும் இப்பொருளின் பண்புகள் எனப் பழையோர் நன்கறிந்திருந்தமை பெறப்படும். வாணவேடிக்கைத் தொழிலில் அவலரக்கு எரிபொருளாகவும் பிணைபொருளாகவும் உலகின் பல நாடுகளிற் பயன்பட்டமையும் அப்பண்பு பற்றியே. இப்பூச்சியரக்கை ஆராய்தற்கென்றே இராஞ்சியை அடுத்த நாம்குமில் 1924ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது.

இரண்டாம் பொருள், மரப்பாலாகிய பூச்சு. சீனத்தும் சப்பானத்தும் ஒருவகை மரத்தைக் கீறி எடுக்கும் பாலை உண்கலங்களின்மேற் பன்முறை பூசி உலர்த்துவர். பருமாவிலும் அதன் இனத்து மற்றொரு மரத்தின் பால் இவ்வாறு பயன்படுகின்றது. சீனத்து கெமுடு என்னும் தொல்லிடத்திற் கிடைத்த செம்பூச்சுடைய மரக்கிண்ணம் ஏறத்தாழ 7000 ஆண்டுப் பழமை உடையது. இப்பால் வெயிலில் உலர்வதன்று. ஈரக்காற்றில், தன்கண் உள்ள நொதியின் செயலால் இறுகுவது. இறுகியபின் வெந்நீருக்கும் சாராயத்துக்கும் காடிக்கும் எளிதிற் கரையாது. ஆயின் இறுகுமுன் தோலிற் பட்டால் கடுங்கொப்புளம் எழுப்பும். நம் நாட்டுச் சேங்கொட்டை அம்மரங்களோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய அக்கொட்டையின் சாறு தோலைப் புண்படுத்தும் என்பதை நம்மவர் அறிவர்; இரண்டின் தீங்கும் ஒரே இனத்து வேதிப்பொருள்களால் விளைவது. முந்திரிக்கொட்டை ஓட்டின் நெய்யும் அவ்வினத்ததே.

மூன்றாம் பொருள், ஆலைகளிற் செய்யப்படும் இலாக்கர். பஞ்சிழையை நைட்டிரிக் அமிலத்தாற் பக்குவப்படுத்திப் பெறும் நைட்ரோசெல்லுலோசே இதன் உடல். புகையிலா வெடிமருந்துக்கும் அதுவே மூலம். 1920ஆம் ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளின் பூச்சாகப் பரவிய இது பின்னர் மரத்தளவாடங்களுக்கும் வந்தது. தின்னர் என்னும் கரைப்பானில் தீப்பற்றும் ஆவிப்பொருள்கள் பல கலந்திருக்கும். படலம் நொறுங்காமல் இருத்தற்கென வேறு நெகிழ்விப்பொருள்களும் சேர்க்கப்பெறும்.

இம்மூன்றும் ஒரு பெயர்க்கீழ் வந்தது எங்ஙனம்? ஐரோப்பியர் இந்தியாவின் பூச்சியரக்கையே முதலில் நன்கறிந்தனர். இலாட்சை என்பதன் வழிவந்த லாக் என்னும் பெயர், போர்த்துக்கீசிய மொழியின் வாயிலாக லாக்கர் என்றாயிற்று. கீழ்நாட்டு மரப்பாற் பூச்சைக் கண்டபோது, அதன் பளபளப்பு ஒத்திருத்தல் பற்றி அதற்கும் அப்பெயரையே இட்டனர். பின்னர் ஆலைப் பூச்சுக்கும் அதுவே பெயராயிற்று. நாம் லாக்கர் என்பதை மீண்டும் அரக்கு என்று மொழிபெயர்த்தபோது அம்மயக்கம் முழுவதையும் தமிழுக்குள் இறக்குமதி செய்துகொண்டோம். சப்பானியர் அரக்குக் கிண்ணத்திற் சுடுசாறு பருகுகின்றனர் என்று படித்த ஒருவர், கடையில் வாங்கிய அவலரக்கைத் தம் குவளையிற் பூசிக் காப்பி ஊற்றினால், பூச்சு இளகி வெளுக்கும். தின்னரிற் கரைத்த இலாக்கரை அரக்கென்றே கருதிப் பூசினால் நேரும் தீங்கு அதனினும் பெரிது.

இவ்விடர் நீங்க, முதலாவதைப் பூச்சியரக்கு என்றும், இரண்டாவதைப் பாலரக்கு என்றும், மூன்றாவதை இலாக்கர் என்றும் வழங்குதல் நலமென முன்மொழிகின்றோம்.

4. பூச்சியரக்கின் தகுதி

பூச்சியரக்கு உண்ணுதற்கு ஒவ்வாத பொருளன்று. தூய்மைசெய்த அவலரக்கு இனிப்புப் பண்டங்களுக்கும் பழங்களுக்கும் மெருகிடும் பொருளாகப் பல நாடுகளில் ஏற்கப்பட்டு, 904 என்னும் எண்ணால் உணவுச்சேர்ப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மாத்திரைகள் இரைப்பையிற் கரையாது குடலிற் கரைதற்பொருட்டு அவற்றின்மேல் இதனைப் பூசுதலும் உண்டு. அச்செயலே இதன் இயல்பை நமக்குத் தெளிவாக்கும்: புளிப்புக்கு இது தாங்கும், காரத்துக்குத் தாங்காது. ஆகவே மோர், பானகம், தண்ணீர் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். சாம்பல், சலவைச்சோடா, கடுஞ்சோப்பு ஆகியவற்றாற் கழுவின் பூச்சு அழியும். ஏறத்தாழ 75 முதல் 80 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும் இது, அதற்கு முன்னரே இளகத் தொடங்குமாதலின் சுடுகாப்பிக்கும் தேநீருக்கும் ஆகாது. சாராய வகைகளிற் கரையுமாதலின் அவற்றுக்கும் ஆகாது.

பூசும் முறையும் கருதத்தக்கது. தச்சர் அவலரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்துப் பூசுவர். தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனால் என்னும் கொடுநஞ்சு கலந்திருத்தல் கூடும். அது காற்றிற் பறந்துவிடுமெனினும், பருகுகலத்துக்குக் கரைப்பானே இல்லாத முறை உளதாக இதனை நாடவேண்டுவதில்லை. கருநாடகத்துச் சன்னபட்டணத்தும், ஆந்திர நாட்டு ஏடிகொப்பாக்கத்தும், நம் அம்பாசமுத்திரத்தும் கடைசற்காரர் கையாளும் முறை அதுவே. சுழலும் மரத்தின்மேல் அரக்குக்கோலை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகிப் படியும். பின் தாழைமடலால் தேய்த்துப் பரப்பி மெருகேற்றுவர். முதலிரண்டு ஊர்களிலும் இதற்கு உவப்பான மரமாகக் கொள்ளப்பட்டது வெட்பாலை. வெண்மையும் நெருங்கிய இழையும் உடையது.

இனி, அரக்கோடு சேரும் நிறமே பெரும்பான்மையும் தீங்கின் வாயில். செந்தூரமும் மிருதாரசிங்கியும் ஈயத்தின் விளைவுகள். இந்திய நடுவணரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டுவண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாதவாறு வரையறுத்தன. அவ்வரையறை சுவருக்கும் கதவுக்கும் பூசும் வண்ணத்துக்கு உரியது. வாயில் வைக்கும் கலத்துக்கு அதுவே போதுமென்று கொள்ளுதல் தகாது. ஏடிகொப்பாக்கத்தில் செடிகொடிகளின் சாயத்தை மீட்டெடுத்த சி. வி. ராஜு அவர்கள் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றமை இத்துறையின் மதிப்பைக் காட்டும். எனினும் பருகுகலத்தின் உட்புறத்துக்கு நிறமற்ற அரக்கே சிறந்தது. நிறம் வேண்டுவோர் வெளிப்புறத்தில், விளிம்புக்குக் கீழே இட்டுக்கொள்ளலாம்.

5. எண்ணெயும் மெழுகும்

மரத்தின்மேற் படலமாக நில்லாது உள்ளே ஊறி நிற்பது எண்ணெய். எண்ணெய்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. காற்றில் இறுகும் ஆற்றலை அயோடின் எண் ஒருவாறு காட்டும். தேங்காயெண்ணெய்க்கு அது 10ஐ ஒட்டியும், நல்லெண்ணெய்க்கு 110ஐ ஒட்டியும், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேலும் அமையும். ஆகவே தேங்காயெண்ணெய் மரத்தில் எண்ணெயாகவே நின்று வெந்நீரில் மிதந்து வரும். நல்லெண்ணெய் அரைகுறையாகப் பிசுபிசுத்து நாளடைவிற் சிக்குவாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் ஒன்றே இறுகித் திண்ணிய பொருளாகும். வீட்டில் இருக்கும் எண்ணெய் உண்ணத்தக்கது என்பதனாலேயே பூசத்தக்கதாகிவிடாது.

ஆளிவிதை எண்ணெயிலும் ஒரு சொன்மயக்கம் உண்டு. கடைகளில் ‘காய்ச்சியது’, ‘இருமுறை காய்ச்சியது’ என்று விற்கப்படுவது அடுப்பிற் காய்ச்சப்பட்டது மட்டும் அன்று. விரைவில் உலர்தற்பொருட்டுக் கோபால்ட்டு, மாங்கனீசு முதலிய உலோக உப்புகள் அதிற் சேர்ந்திருக்கும். முற்காலத்தில் ஈயமாகிய மிருதாரசிங்கியையே இட்டுக் காய்ச்சினர். பருகுகலத்துக்கு உரியது உணவுக்கென விற்கும் காய்ச்சாத எண்ணெயே. அது மெல்ல உலரும். மிக மெல்லிதாகத் தேய்த்து, எஞ்சியதைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே பல நாள் விட்டு, கடைசிப் பூச்சுக்குப் பின் சில கிழமைகள் காற்றாட வைத்தல் வேண்டும். எண்ணெய் மணம் மாறும்வரை அதிற் பருகலாகாது.

இவ்விடத்தில் வெம்பக்கோட்டை வட்டாரத்தார்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டுவது ஒன்றுண்டு. ஆளிவிதை எண்ணெய் உலருங்கால் வெப்பத்தை வெளிவிடும். அதனைத் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால், வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே ஏறி, நெருப்பே இன்றித் துணி தானே தீப்பற்றும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும், 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டைப் பகுதியிலும் நேர்ந்த வெடிவிபத்துகளிற் பலர் உயிரிழந்தமையை இவ்வூரார் மறந்திலர். அவ்விபத்துகள் எண்ணெயால் நேர்ந்தன அல்ல. ஆயினும் பட்டாசுக் கூடங்கள் செறிந்த நிலத்தில் சிறு தீயும் சிறுதீயாக நில்லாது. துடைத்த துணியை ஒவ்வொன்றாக விரித்து வெளியில் உலர்த்துதல் அல்லது நீரில் அமிழ்த்தி வைத்தல் இன்றியமையாதது. இத்தொழிலை மருந்துக் கூடங்களுக்கு அணித்தே செய்தல் எவ்வாற்றானும் கூடாது.

மெழுகு எண்ணெய்க்குத் துணையாவது. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வெப்பத்தில் உருகும். பிரேசில் நாட்டுப் பனையோலையிற் கிடைக்கும் கார்னோபா மெழுகு 80 பாகைக்கு மேலே உருகும். தீக்குச்சியின் நுனி உருகிய பாரபின் மெழுகில் தோய்க்கப்பெறுவதை இவ்வட்டாரத்தார் நாளும் காண்பர். அதே மெழுகு குவளைக்கும் ஆகுமென்று எண்ணலாகாது. தொழிலுக்கான பாரபின் வேறு. உணவுக்கெனத் தூய்மைசெய்தது வேறு. மேலும் அதுவும் வெந்நீரில் உருகும். தண்ணீர்க் குவளைக்குத் தேன்மெழுகு போதும். தேய்ந்தவிடத்து மீளப் பூசிக்கொள்ளுதலும் எளிது.

6. பூச்சு வேண்டாக் கலம்

எல்லாக் கலத்துக்கும் பூச்சு வேண்டும் என்பதும் பொருந்தாது. வேங்கை வயிரத்திற் கடைந்த குவளையில் இரவில் நீர் ஊற்றிவைத்துக் காலையிற் பருகும் வழக்கம் மதுமேகத்துக்கு மருந்தாக நம் நாட்டில் நிலவுகின்றது. நீரில் மரத்தின் சாறு இறங்கி நிறம் மாறும். ஒளியில் நீலச்சாயல் காட்டுதலும் உண்டு. இத்தகைய நீலநீர்க் குவளைகள் ஐரோப்பாவிலும் வியப்பூட்டின. மெக்சிக்கோ நாட்டு மரமொன்றின் இத்தன்மையை மொனார்தசு என்னும் இசுபானிய மருத்துவர் 1565இல் எழுதினார். 1664இல் இராபர்ட்டு பாயில் அந்நிறத்தை ஆராய்ந்து வெளியிட்டார். பிலிப்பைன்சுத் தீவுகளில் இவ்வாறு பயன்பட்ட மரம் நம் வேங்கைக்கு நெருங்கிய உறவுடையது.

வேங்கைக் குவளையின் உட்புறத்தே அரக்கோ எண்ணெயோ பூசினால் அதன் பயனே கெடும். ஆயின் அதன் மருத்துவப் பயனையும் அளவறிந்தே கொள்ளல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் பல மையங்களில் நடந்து 1998இல் முடிவு வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் அளவிட்டு மருந்து தரப்பட்டது. குவளையிலோ இறங்கும் சாற்றின் அளவு நாளுக்கு நாள் வேறுபடும். குவளையை நம்பி மருந்தை நிறுத்துதல் உயிர்க்கு ஊறு விளைப்பது.

வேங்கையின் இனத்ததாகிய செஞ்சந்தனத்திற் செய்த மரப்பாச்சியைக் குழந்தைகள் வாயில் வைத்துச் சுவைத்தலைக் கருதி நம் முன்னோர் அதற்குப் பூச்சிடாது விட்டனர். ஈண்டும் கொள்கை ஒன்றே: வாயிற் படுவதில் மரம் மட்டும் இருக்கட்டும் என்பது.

7. தேர்வும் முடிபும்

கைக்கு வந்த பழங்கலத்தின் பூச்சு யாதெனத் தெரியாதபோது எளிய சோதனை ஒன்று உண்டு. அடிப்பாகத்தில் மறைவான இடத்தைப் பஞ்சில் நனைத்த ஸ்பிரிட்டால் தொட்டால் பூச்சியரக்கு ஒட்டுந்தன்மை கொள்ளும். அதற்கு அசையாது தின்னருக்கு இளகுவது இலாக்கர். இரண்டிற்கும் அசையாதது நன்கிறுகிய பாலரக்காகவோ இக்காலத்துச் செயற்கைப் பிசினாகவோ இருக்கும். இச்சோதனை பூச்சின் இனத்தைக் காட்டுமேயன்றி அதன் நிறத்திலுள்ள ஈயத்தைக் காட்டாது. ஆகவே நிறம் ஏற்றிய பழங்கலங்களைக் காட்சிக்கு வைத்தலே தக்கது.

புதிய கலத்துக்குப் பூச்சைத் தேருங்கால், முன்னர்க் கேட்கவேண்டுவது ‘எது சிறந்த பூச்சு’ என்பதன்று. ‘இக்கலத்தில் எதனைப் பருகுவோம்’ என்பதே. தண்ணீருக்கும் மோருக்கும் நிறமற்ற பூச்சியரக்கு அல்லது ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். சுடுபானத்துக்கு முற்ற இறுகிய பாலரக்கு அல்லது உணவுக்கலத்துக்கென உற்பத்தியாளர் சான்று தந்த பூச்சு, அவை இல்லாவிடின் மரத்தை விடுத்துப் பித்தளைத் தம்ளரோ எவர்சில்வரோ. வேங்கைக் குவளைக்குப் பூச்சின்மை. அமெரிக்க நாட்டு உணவுவிதிகளின் 175.300ஆம் பிரிவு, பூச்சிற் சேர்ந்த பொருள்களைப் பட்டியலிடுவதோடு அமையாது, உலர்ந்த படலத்திலிருந்து உணவில் எவ்வளவு கரைந்து வருகின்றது என்பதையும் அளவிடுகின்றது. உள்ளே சென்றது யாது என்பதோடு வெளியே வருவது யாது என்பதையும் நோக்கும் அம்முறை நம் தொழிலாளர்க்கும் கொள்ளத்தக்கது.

பொருள் வேறாகப் பெயர் ஒன்றாதல் மொழியில் இயல்பு; அகராதியில் அதனால் ஊறில்லை. அப்பெயரை நம்பி ஒருவர் வாங்கிப் பூசிப் பருகும்போதுதான் ஊறு வருகின்றது. பூச்சியரக்கு, பாலரக்கு, இலாக்கர் என்னும் பாகுபாட்டைத் தொழிற்பள்ளிப் பாடநூல்களும் கைத்தொழில் நூல்களும் மேற்கொள்ளுமாயின், குவளை கடைவோர்க்கும் அதிற் பருகுவோர்க்கும் தமிழ் செய்யும் சிறு காவலாக அது அமையும்.